தோன்றியதை எழுதுங்கள்: குறிச்சொற்கள் எப்படி ஓர் ஒழுங்கை உண்டாக்குகின்றன?

இணையத்தில் ஒரு கட்டுரையைச் சேமிக்கும்போதோ ஒரு படத்தை ஏற்றும்போதோ கீழே ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில் இரண்டு மூன்று சொற்களை எழுதச் சொல்வார்கள். எந்தச் சொல் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பட்டியல் கிடையாது, விதி கிடையாது. மனதில் தோன்றுவதை எழுதலாம். அந்தச் சொல்தான் குறிச்சொல். டேக் என்றுதான் பலரும் சொல்கிறோம்.

லட்சம் பேர் லட்சம் விதமாக எழுதி வைத்தால் கடைசியில் குப்பைதானே மிஞ்சும்? அப்படி நினைப்பது இயல்பு. விவரம் தெரிந்தவர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் பல இடங்களில் அதிலிருந்து உருப்படியான ஒரு வகைப்பாடு தானாகவே உருவானது. வேறு சில இடங்களில், அவர்கள் பயந்தபடியே குப்பைதான் சேர்ந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், குறிச்சொல் என்ற விஷயம் முக்கால்வாசி புரிந்த மாதிரி.

முதலில் பழைய முறையைப் பார்த்துவிடலாம். நூலகத்தில் ஒரு புத்தகம் ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க முடியும். சோழர் காலக் கோயில்களில் நடந்த நடனத்தைப் பற்றிய புத்தகத்தை வரலாற்று அலமாரியில் வைப்பதா, சமயத்தில் வைப்பதா, கலையில் வைப்பதா? யாராவது ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவை முன்கூட்டியே எடுத்துத் தருவதுதான் வகைப்பாட்டுத் திட்டங்களின் வேலை. அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-இல் வெளியிட்ட தசமப் பகுப்பு முறை இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. அதில் 200 முதல் 299 வரை சமயத்துக்கு ஒதுக்கப்பட்டவை. 220 முதல் 289 வரை விவிலியமும் கிறித்தவமும் எடுத்துக்கொண்டன. இந்து, பௌத்த, சமண, இஸ்லாமிய, யூத சமயங்கள் எல்லாம் 290களுக்குள் நெருக்கியடித்து உட்கார வேண்டியிருந்தது. டூயியின் காலத்து அமெரிக்கக் கல்லூரி நூலகத்துக்கு அது சரியாகத்தான் பட்டிருக்கும். வகைப்படுத்துகிறவர் எங்கிருந்து பார்க்கிறாரோ, அந்த இடம் வகைப்பாட்டுக்குள்ளேயே பதிந்துவிடுகிறது.

இதற்கு ஒரு மாற்று சென்னையிலிருந்து வந்தது. சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலுக்கு ஒரே பெட்டி என்பதற்குப் பதிலாக, அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு தந்து, பிறகு கோத்துவிடுவது அவர் வழி. 1950களில் இந்தியாவில் நுரையீரல் காசநோய்க்கு எக்ஸ்ரே மூலம் செய்த சிகிச்சை பற்றிய நூல் என்றால் நுரையீரல், காசநோய், சிகிச்சை, எக்ஸ்ரே, இந்தியா, காலம் என்று ஒவ்வொன்றும் தனித்தனி முகம். இன்றைக்கு அதே விஷயத்தைப் பற்றிய கட்டுரைக்கு நாம் குறிச்சொல் இட்டாலும் ஏறக்குறைய இதே ஆறைத்தான் எழுதுவோம். ஆனால் ரங்கநாதனின் முறையில் எந்த முகம் எந்த வரிசையில் வரும் என்பதற்குக் கறாரான இலக்கணம் உண்டு. அதைப் பயின்ற நூலகர்தான் எழுத முடியும். வாசகர் எழுதுவதற்கு அதில் இடமில்லை.

கணினி வந்தபோது, ஒரு பொருள் ஒரே இடத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போயிருக்க வேண்டும். போகவில்லை. ஃபோல்டர் என்ற பெயரில் பழைய அலமாரியையே கணினிக்குள் கொண்டுவந்தோம். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று. எதை எங்கே போட்டோம் என்று நமக்கே மறந்துபோகும்.

நியூயார்க்கில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜோஷுவா ஷாக்டர் என்ற நிரலாளருக்கும் இதே தொல்லை. பிடித்த இணைய முகவரிகளை எல்லாம் ஒரு கோப்பில் சேர்த்து வந்தார். கோப்பு பெருத்துப்போனதும், தேட வசதியாக ஒவ்வொரு முகவரிக்கும் பக்கத்தில் ஓரிரு சொற்களைக் குறித்து வைக்கத் தொடங்கினார். அந்தச் சொந்த வசதிதான் வளர்ந்து 2003-இல் டெலிஷியஸ் என்ற சேவையாக எல்லோருக்கும் திறந்தது. அப்போது உங்கள் புக்மார்க்குகளை உங்கள் சொற்களோடு அங்கே சேமிக்க முடிந்தது. சேமித்தவை பொதுவில் தெரியும். ஒரு குறிச்சொல்லை அழுத்தினால், அதே சொல்லை உலகத்தில் வேறு யார் யார் எதற்கெல்லாம் இட்டிருக்கிறார்கள் என்று பார்க்கலாம். அடுத்த ஆண்டு ஃபிளிக்கர் வந்தது; அங்கே முகவரிகளுக்குப் பதில் புகைப்படங்கள். பயனர்களே கீழிருந்து உருவாக்கும் இந்த வகைப்பாட்டுக்கு அதே 2004-இல் தாமஸ் வாண்டர் வால் என்பவர் ஃபோக்சானமி என்று பெயர் வைத்தார். இரண்டு சேவைகளையும் 2005-இல் யாஹூ வாங்கிக்கொண்டது.

இனி விஷயத்துக்கு வருவோம். டெலிஷியஸில் ஒரே முகவரியைப் பல நூறு பேர் சேமிப்பார்கள், ஆளுக்கொரு சொல் இடுவார்கள். எச்பி நிறுவன ஆய்வகத்தைச் சேர்ந்த ஸ்காட் கோல்டர், பெர்னார்டோ ஹூபர்மன் இருவரும் இந்தத் தரவை எடுத்து ஆராய்ந்து 2005-06 வாக்கில் எழுதினார்கள். ஒரு முகவரியை முதல் நூறு பேர் அளவுக்குச் சேமித்து முடிப்பதற்குள், எந்தச் சொல் எவ்வளவு பங்கு என்பது ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது என்று கண்டார்கள். அதற்குப் பிறகு எத்தனை பேர் வந்தாலும் அந்த விகிதம் பெரிதாக மாறுவதில்லை. யாரும் கூட்டம் போட்டுப் பேசவில்லை, வாக்கெடுப்பு நடத்தவில்லை. ஓரளவுக்கு முன்னால் வந்தவரைப் பார்த்து எழுதுகிறார்கள், ஓரளவுக்குப் பொது அறிவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கிறது. விசித்திரமான சொல் எழுதியவரும் விலக்கப்படவில்லை. அவர் சொல் பட்டியலின் வாலில் இருக்கும். அவர் தேடினால் அவருக்குக் கிடைக்கும்.

அதே ஆய்வில் எனக்கு இதைவிடப் பிடித்த பகுதி, மக்கள் என்ன மாதிரிச் சொற்களை எழுதுகிறார்கள் என்பது. இது எதைப் பற்றியது என்று சொல்பவைதான் அதிகம். கட்டுரையா, நூலா என்று வடிவத்தைச் சொல்பவை உண்டு. யார் எழுதியது என்பதைக் குறிப்பவை உண்டு. வேடிக்கை, அசட்டுத்தனம் என்று தீர்ப்பு வழங்குபவை உண்டு. அப்புறம், 'என்னுடையது' என்ற வகை. 'படிக்க வேண்டும்' என்ற வகை. இந்தக் கடைசி இரண்டும் எந்த நூலகப் பட்டியலிலும் வர வாய்ப்பே இல்லாதவை. 'படிக்க வேண்டும்' என்பது அந்தக் கட்டுரையைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சேமித்தவரின் அன்றைய நிலைமையைத்தான் சொல்கிறது. ஆனால் அவருக்கு அதுதான் தேவை.

என் பார்வையில் குறிச்சொல் முறையின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. ஊருக்கு நல்லது செய்யலாம் என்று யாரும் டெலிஷியஸுக்குப் போகவில்லை. நாளைக்குத் தனக்கே கிடைக்க வேண்டும் என்று எழுதினார்கள். தனக்காக எழுதுகிறவர் பொய் எழுத மாட்டார். சமையல் குறிப்புக்கு 'கிரிக்கெட்' என்று எழுதிவைத்தால் தேடும்போது அவதிப்படுவது அவர்தான். அந்த நேர்மை அடுத்தவருக்கு இலவசமாகக் கிடைத்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான உதாரணம் அதற்கு முன்பே இணையத்தில் இருந்தது. 1990களில் இணையப் பக்கத்தை உருவாக்குகிறவரே அதன் நிரலுக்குள், பார்வையாளர் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், பக்கத்துக்கான சொற்களைப் பட்டியலிடலாம். ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் அதைப் படித்தன. தன் பக்கத்துக்குக் கூட்டம் வர வேண்டும் என்பதற்காகச் சம்பந்தமே இல்லாத பிரபலமான சொற்களையெல்லாம் கொட்டினார்கள். மக்கள் பொய் சொல்வார்கள், சோம்பேறிகள், கவனமில்லாதவர்கள், ஆகவே பயனர்கள் இடும் விவரக்குறிப்புகளை நம்பி எதையும் கட்ட முடியாது என்று கனடிய எழுத்தாளர் கோரி டாக்டரோ 2001-லேயே எழுதினார். அந்தச் சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009-இல் கூகுள் வெளிப்படையாகச் சொன்னது. டாக்டரோ சொன்னதில் தவறில்லை. பிறர் கண்ணில் படுவதற்காக எழுதும்போது மனிதர்கள் அப்படித்தான். அவர் எழுதி இரண்டு ஆண்டு கழித்து வந்த டெலிஷியஸ், எழுதுவதற்கான காரணத்தையே மாற்றிவிட்டது.

ஃபிளிக்கரின் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஒரு படத்துக்குப் பெரும்பாலும் படம் எடுத்தவரும் அவருடைய நண்பர்களும் மட்டுமே சொல் இடுவார்கள். ஒரே பொருளுக்கு நூறு பேர் என்ற கூட்டம் இல்லாததால் விகிதம் நிலைபெறுவது என்ற பேச்சே இல்லை. வாண்டர் வால் இந்த இரண்டையும் அகன்ற வகை, குறுகிய வகை என்று பிரித்தார். குறுகிய வகையால் பயனில்லை என்று எண்ண வேண்டாம். படத்துக்குள் எழுத்து இல்லை, எனவே ஒரே ஒரு சொல் இருந்தாலும் தேடலில் அகப்படுவதற்கு அது போதும்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008 ஜனவரியில் சுமார் 3,000 பழைய புகைப்படங்களை ஃபிளிக்கரில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் குறிச்சொல் இடலாம் என்று திறந்துவிட்டது. பாதி, 1910களின் செய்திப் படங்கள். மீதி, 1939 முதல் 1944 வரை எடுத்த வண்ணப் படங்கள். உலகின் மிகப் பெரிய நூலகங்களில் ஒன்று தன் சேகரிப்பை அப்படித் தெருவில் வைத்ததே துணிச்சல்தான். அதே ஆண்டு அக்டோபருக்குள் 2,518 பேர் 67,176 குறிச்சொற்களை இட்டிருந்தார்கள். அநாகரிகம் என்று நீக்க வேண்டிவந்த பதிவுகள் 25-ஐக்கூடத் தொடவில்லை. 'அழகு', 'ஆகா' என்ற ரகச் சொற்கள் நிறைய இருந்தன. பிற மொழிச் சொற்களும் வந்தன. கூடவே, இது எந்தத் தெரு, இவர் யார், அந்த இயந்திரத்தின் பெயர் என்ன என்று சொல்லக்கூடிய மனிதர்கள் வந்தார்கள். அவர்கள் தந்த தகவலைச் சரிபார்த்து, 500-க்கும் மேற்பட்ட படங்களின் அதிகாரபூர்வப் பட்டியல் குறிப்புகளை நூலகம் திருத்திச் செறிவாக்கியது.

அருங்காட்சியகங்களும் இதைச் சோதித்தன. ஸ்டீவ் என்ற பெயரில் சில அமெரிக்க அருங்காட்சியகங்கள் சேர்ந்து நடத்திய ஆய்வில், ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் பொதுமக்கள் இட்ட சொற்களில் 86 விழுக்காடு அருங்காட்சியகத்தின் சொந்த ஆவணங்களில் இல்லாதவை. அறிஞர் ஓவியரின் பெயர், ஆண்டு, பாணி என்று எழுதியிருப்பார். பார்க்க வந்தவர் 'நீலம்', 'படகு', 'நாய்' என்று எழுதுகிறார். தேடுகிறவரும் அப்படித்தான் தேடுவார்.

சரி, குறைகளுக்கு வருவோம். ஒரே பொருளுக்குப் பல சொல், ஒரே சொல்லுக்குப் பல பொருள், எழுத்து வேறுபாடு என்று மூன்றாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் 'டர்க்கி' என்று தேடினால் இஸ்தான்புல்லும் வரும், வான்கோழியும் வரும், விருந்து மேசையும் வரும். ஃபிளிக்கர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: கூட வருகிற சொற்களை வைத்துப் படங்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்துக் காட்டியது. 'டர்க்கி'யோடு 'இஸ்தான்புல்' வந்தால் ஒரு கொத்து, 'உணவு' வந்தால் வேறு கொத்து. நாம் 'மாலை' என்று இட்டாலும் இதே கதிதான். கூட 'சூரியன்' வருகிறதா, 'கல்யாணம்' வருகிறதா என்பதை வைத்து ஓரளவு பிரிக்கலாம்.

தமிழில் குறிச்சொல் இடுவதற்கென்றே தனித் தொல்லைகள் உண்டு. கோயில், கோவில் இரண்டும் சரி; ஆனால் கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஆங்கில எழுத்தில் எழுதுகிறவர்கள் அதிலும் இரண்டு மூன்று வகை செய்வார்கள். டெலிஷியஸில் இடைவெளி விட்டால் அடுத்த குறிச்சொல் தொடங்கிவிட்டது. # குறியோடு தொடங்கும் ஹேஷ்டேக்கிலும் இடைவெளி விட்டால் அறுந்துவிடும். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக்கிச் சமாளிக்கிறார்கள். நமக்குப் பெரிய எழுத்து கிடையாது, அடிக்கோடுதான் கதி. அடுத்து, ஒற்று. புத்தகக்கண்காட்சி, புத்தககண்காட்சி, புத்தகக்_கண்காட்சி, புத்தக_கண்காட்சி: ஒரே நிகழ்ச்சிக்கு நான்கு கூடைகள் தயார். ஒற்றுப்பிழையைத் திருத்தச் சொல்லும் தமிழாசிரியர்களின் கவலைக்கு இணையத்தில் ஒரு புதுக் காரணம் கிடைத்திருக்கிறது.

இன்னொரு தொல்லை கண்ணுக்குத் தெரியாதது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினிகள் பயன்படுத்தும் யூனிகோடு என்ற குறியீட்டு முறையில் 'க' ஓர் எழுத்து. ஆனால் அதன் மேல் வைக்கும் புள்ளியும் துணைக்கால், கொம்பு போன்றவையும் 'எழுத்து' என்ற வகையில் சேராமல் 'குறி' என்ற வகையில் வருகின்றன. சொல் என்றால் எழுத்துகளும் எண்களும் மட்டுமே என்று எண்ணி எழுதிய நிரலில், முதல் புள்ளி வந்ததும் தமிழ்க் குறிச்சொல் பாதியில் துண்டாகிவிடும். நிரல் எழுதுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் பெட்டியில் ஒரு தமிழ்ச் சொல்லைப் போட்டுப் பாருங்கள்.

குழப்பத்தைக் குறைக்கப் பலர் பல வழி எடுத்தார்கள். நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃபிளோ கொஞ்சம் கண்டிப்பானது. ஒரு கேள்விக்கு ஐந்து குறிச்சொல்லுக்கு மேல் கிடையாது. புதிய சொல்லை உருவாக்க வேண்டுமானால் தளத்தில் நல்ல மதிப்பெண் சேர்த்திருக்க வேண்டும். ஒரே பொருள் தரும் இரண்டு சொற்கள் இருந்தால் ஒன்றை மற்றொன்றுக்குத் திருப்பிவிடுவார்கள்.

நான் மிகவும் வியப்பது பிடித்த கதைகளின் மாந்தர்களை வைத்து ரசிகர்களே எழுதும் புனைவுகளைச் சேமிக்கும் ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன் என்ற தளத்தின் வழி. 2009-இல் திறந்தது, 2019-இல் அறிவியல் புனைவு உலகின் ஹியூகோ விருது பெற்றது, இப்போது ஒரு கோடிக்கும் மேற்பட்ட படைப்புகள் அங்கே இருக்கின்றன. எழுதுகிறவர் என்ன குறிச்சொல் வேண்டுமானாலும் இடலாம். ஒரு முழு வாக்கியத்தைக்கூட இடலாம், புலம்பலாம், சிரிக்கலாம். அதை யாரும் திருத்த மாட்டார்கள். ஆனால் திரைக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். புதிதாக வரும் சொற்களை எடுத்து, இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று இணைப்பது அவர்கள் வேலை. தெரிந்த கதைமாந்தர்களை ஒரு காபிக்கடையில் வேலை பார்க்கிறவர்களாக வைத்து எழுதும் கதைகள் அங்கே ஏராளம். அதற்கு ஆளுக்கொரு சொல் இடுவார்கள். எல்லாவற்றையும் ஒரு பொதுச் சொல்லோடு உள்ளுக்குள் கட்டிவிட்டதால், வாசகர் எதை அழுத்தினாலும் அத்தனை கதைகளும் வரும். கதையின் மேல் எழுத்தாளர் எழுதிய சொல் அப்படியே இருக்கும். எழுதுகிறவருக்கு முழுச் சுதந்திரம், தேடுகிறவருக்கு ஒழுங்கு. இரண்டும் கிடைக்கிறது, ஆனால் சும்மா கிடைக்கவில்லை, சம்பளம் இல்லாமல் பலர் மாய்ந்து மாய்ந்து உழைப்பதால் கிடைக்கிறது.

ஹேஷ்டேக்கையும் குறிச்சொல் என்றுதான் சொல்கிறோம், ஆனால் அதன் குணம் வேறு. 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில் குழு உரையாடல்களுக்கு # என்ற முன்குறியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டார். அதே ஆண்டு அக்டோபரில் சான் டியாகோ காட்டுத்தீயின்போது செய்திகளை ஒருங்கிணைக்க அது உதவியது. 2009-இல் ட்விட்டரே அதை அழுத்தக்கூடிய இணைப்பாக மாற்றியது. பிறகு சேமித்ததைத் தேடி எடுப்பது என்ற நோக்கம் பின்னுக்குப் போய், கூட்டத்தில் கவனம் பெறுவது முன்னுக்கு வந்தது. தோசைப் படத்துக்குக் கீழே 30 ஹேஷ்டேக், அதில் பாதி சினிமா. 1990களின் சொற்கொட்டல் வேறு வேடத்தில் திரும்பிவிட்டது. யூடியூபில் காணொளிக்கு இடும் குறிச்சொற்களுக்கும் இப்போது பெரிய மதிப்பில்லை. பலரும் தவறாக எழுத்துக்கூட்டும் பெயர் என்றால் உதவும், மற்றபடி அவற்றின் பங்கு மிகச் சிறிது என்று யூடியூபின் உதவிப் பக்கமே சொல்கிறது.

படத்தைப் பார்த்து இயந்திரமே சொல் இட்டுவிடும் காலம் இது, நாம் எதற்கு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். 2015-இல் ஃபிளிக்கர் அதைத் தொடங்கியபோது, ஒரு கறுப்பினத்தவரின் படத்துக்குக் 'குரங்கு' என்று இட்டது. நாஜி வதைமுகாம் ஒன்றின் வாயில் படத்துக்குக் குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிக்கூட்டின் பெயரை இட்டது. பயனர்கள் கொதித்தார்கள். இன்றைய இயந்திரங்கள் எவ்வளவோ தேறிவிட்டன. கடற்கரை, நாய், பிறந்தநாள் கேக் எல்லாம் சரியாகவே சொல்கின்றன. அந்த நாய் யார் வீட்டு நாய், அந்த வீட்டை எப்போது விற்றார்கள் என்பது படத்தில் இல்லை. அதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

சொந்தச் சேகரிப்புக்குக் குறிச்சொல் இடத் தொடங்குகிறவர்களுக்கு நடைமுறையில் இரண்டு விஷயம் சொல்வேன். எழுத்துக்கூட்டலை ஒருமுறை முடிவு செய்துகொண்டு மாற்றாதீர்கள். கோயில் என்றால் கடைசி வரை கோயில்தான். அடுத்தது, சேவைகள் நிலைப்பதில்லை. டெலிஷியஸ் யாஹூவிடமிருந்து 2011-இல் கைமாறி, மேலும் சிலர் கைக்குப் போய், 2017-இல் பின்போர்டு என்ற போட்டிச் சேவையிடம் 35,000 டாலருக்கு வந்து சேர்ந்தது. அதன் பிறகு அங்கே புதிதாக எதையும் சேமிக்க முடியவில்லை. ஆகவே எந்தச் சேவையில் சேர்ந்தாலும், சேமித்தவற்றைக் குறிச்சொற்களோடு சேர்த்துக் கோப்பாக இறக்கிக்கொள்ள வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். புகைப்படம் என்றால், பல மென்பொருள்கள் ஐபிடிசி என்ற முறையில் சொற்களைப் படக்கோப்புக்குள்ளேயே எழுதிவிடும். படம் எங்கே போனாலும் அவையும் கூடப் போகும். ஆனால் வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே இருக்கும் இந்த விவரங்கள் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.